உதட்டுப் புள்ளிகள்: விட்டுவிடுவதா, வீட்டு வைத்தியமா, லேசரா?

கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்கு அருகே போய், மேலுதட்டைப் பல்லோடு ஒட்டி இழுத்துப் பிடித்தால் தெரியும். உதட்டுச் சிவப்பும் முகத் தோலும் சேருகிற ஓரத்தில், வெளிர்மஞ்சளாக, குண்டூசித் தலை அளவுக்குப் பொடிப்பொடியாக, யாரோ மணல் தூவிவிட்டுப் போனதுபோல் ஒரு வரிசை. இழுத்த உதட்டை விட்டால் பாதி மறைந்துவிடும். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், அப்புறம் கண்ணாடி பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண் நேராக அங்கேதான் போகும்.

இதற்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே எதையாவது செய்துபார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பூண்டு தேய்த்தேன், இப்போது உதட்டோரம் கறுத்துவிட்டது என்கிறார் ஒருவர். லேசர் செய்யலாம் என்கிறார்கள், நம்பிச் செய்யலாமா என்கிறார் இன்னொருவர். எண்ணெய் தடவி ஆறு மாதம் ஆகிறது, குறைந்த மாதிரியும் இருக்கிறது, குறையாத மாதிரியும் இருக்கிறது என்று மூன்றாமவர். நான் மருத்துவன் இல்லை. ஆனால் பதினாறு வயதிலிருந்து இந்தப் புள்ளிகளோடு இருக்கிறேன். செய்யக் கூடாததில் ஒன்றிரண்டைச் செய்துவிட்டு, தோல் மருத்துவர் முன்னால் அசடு வழிய உட்கார்ந்திருந்த அனுபவமும் உண்டு. அந்த உரிமையில்தான் இந்த ஒப்பீடு.

## முதலில், இது அதுதானா?

மேலே சொன்ன புள்ளிகளுக்கு ஃபோர்டைஸ் புள்ளிகள் என்று பெயர். ஜான் அடிசன் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1896ல் இவற்றைப் பற்றி எழுதினார், பெயர் அப்படியே நின்றுவிட்டது. பெயரைக் கேட்டால்தான் நோய் மாதிரி இருக்கிறது, உண்மையில் இவை வெறும் எண்ணெய்ச் சுரப்பிகள். முகத்திலும் தலையிலும் இதே சுரப்பி மயிர்க்காலோடு ஒட்டிக்கொண்டு, மயிர்த்துளை வழியாக எண்ணெயை வெளியே விடுகிறது. உதட்டின் சிவந்த பகுதியில் மயிர்க்கால் கிடையாது. அங்கே இடம் மாறி வந்துவிட்ட சுரப்பி, துணைக்கு மயிர் இல்லாமல், மேல்தோலுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. உதட்டுத் தோல் அவ்வளவு மெல்லியது என்பதால் உள்ளே இருக்கும் கொழுப்பின் மஞ்சள் வெளியே தெரிகிறது.

பிறக்கும்போதே உடம்பில் இருப்பவைதான். பருவ வயதில் ஹார்மோன்கள் ஏறும்போது சுரப்பிகள் பருத்து, திடீரென்று முளைத்ததுபோல் தோன்றும். ஒவ்வொன்றும் 1 முதல் 3 மில்லிமீட்டர். வயது வந்தவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு எங்காவது ஓரிடத்தில் இவை உண்டு. கன்னத்தின் உட்புறத்திலும் பிறப்புறுப்பிலும் கூட வரும். இது தொற்றாது. முத்தத்தில் வராது, பாலுறவில் வராது, உதட்டைக் கழுவாததால் வராது. இந்தக் கடைசி மூன்றையும் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மனசுக்குள்ளேயே வைத்துக் குமைகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

உதட்டில் வருகிற எல்லாமே இது இல்லை. சுருசுருவென்று எரிந்து, நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பி, பொருக்குத் தட்டி, ஏழு முதல் பத்து நாளில் அடங்கினால் அது ஹெர்ப்பீஸ் என்கிற வைரஸ் புண், அது தொற்றும். கீழுதட்டின் உட்பக்கம் கடித்த இடத்தில் பளபளப்பாக, நீலம் கலந்த குமிழாக இருந்தால் உமிழ்நீர் அடைத்துக்கொண்ட கட்டி. உதட்டோரத்தில் ஒற்றையாக, கெட்டியாக, முத்துபோல் வெள்ளையாக இருந்தால் அது மிலியா, நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் நிரம்பிய சிறு பை. தோல் மருத்துவர் ஊசி முனையால் கீறி ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். கீழுதட்டில் தட்டையாகப் பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு மச்சம் மாதிரி இருந்தால், பெரும்பாலும் அதுவும் சாதுவான நிறத் திட்டுதான். ஆனால் அதை ஒருமுறை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வீட்டில் முடிவு செய்யவே கூடாதவையும் உண்டு: இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், ரத்தம் கசிவது, தடித்துக் கெட்டியாவது, தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம், உருவமோ நிறமோ மாறிக்கொண்டே இருக்கும் கரும்புள்ளி. உதட்டுப் புற்றுநோய் பெரும்பாலும் கீழுதட்டில் வரும், வெயிலும் புகையிலையும் அதற்கு முக்கியக் காரணங்கள். இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

பலனளிக்குமா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் எல்லோரும் தேடுகிறார்கள். அது போதாது. நான் ஐந்து கேள்வி வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, இந்த வழி சுரப்பியைத் தொடுகிறதா, மேல்தோலோடு நின்றுவிடுகிறதா. இரண்டு, போனது திரும்பி வருமா. மூன்று, தப்பாகப் போனால் மிஞ்சுவது என்ன, அது தானாகச் சரியாகுமா. நான்கு, விலைச்சீட்டில் எழுதப்படாத செலவு எவ்வளவு: புண்ணோடு இருக்கும் நாட்கள், ரத்தப் பரிசோதனை, திரும்பத் திரும்பப் போகும் அலைச்சல், வெயிலுக்கு ஒளிவது. ஐந்து, புள்ளி எத்தனை இருக்கிறது. நான்கு புள்ளிக்குச் சரியாக இருக்கும் வழி நாற்பது புள்ளிக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம்.

இதில் முதல் கேள்விதான் எல்லாவற்றுக்கும் சாவி. சுரப்பி இருப்பது தோலுக்கு அடியில். மேலேயே நின்றுவிடும் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. அதைப் போய் எட்டும் எதுவும் மேல்தோலைக் கிழித்தோ, சுட்டோ, அரித்தோதான் போக முடியும். ரத்தத்தின் வழியாக உள்ளிருந்து போகும் மாத்திரை மட்டும் விதிவிலக்கு, அதற்கான விலையை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளும். ஆக, இந்த விஷயத்தில் எந்தப் பேரமும் ஒரே பேரம்தான்: புள்ளியைக் கொடுத்துப் புண்ணை வாங்குகிறோம், அந்தப் புண் தடயமில்லாமல் ஆறும் என்ற நம்பிக்கையில்.

| வழி | சுரப்பியை எட்டுமா | திரும்பி வருமா | தப்பாகப் போனால் மிஞ்சுவது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| ஒன்றும் செய்யாமல் விடுவது | இல்லை | அப்படியே இருக்கும் | ஒன்றுமில்லை | மனசு பழகும் வரை பொறுமை |
| எண்ணெய், தேன், கற்றாழை | இல்லை | அப்படியே இருக்கும் | அரிதாக ஒவ்வாமை | மாதக்கணக்கில் எதிர்பார்ப்பு |
| பூண்டு, எலுமிச்சை, வினிகர் | இல்லை | அப்படியே இருக்கும் | தீப்புண், கருமை | புள்ளியைவிட நீண்டு நிற்கும் கறை |
| பிதுக்குவது | அரைகுறையாக | வரும் | சீழ், தழும்பு | வீக்கம் |
| ட்ரெட்டினாயின் களிம்பு | சிறிது | நிறுத்தினால் வரும் | உதடு உரிதல் | மாதங்கள், வெயில் கவனம் |
| ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை | ஆம் | பெரும்பாலும் வரும் | கருவுக்குப் பெரும் ஆபத்து | ரத்தப் பரிசோதனை, வறட்சி |
| மின்சூடு, லேசர் | ஆம் | எரித்தது பொதுவாக வராது | குழி, வெளுப்பு, கருமை | பொருக்கு நாட்கள், பல அமர்வு |
| நுண்துளைக் கருவி (குத்தி எடுப்பது) | ஆம் | எடுத்தது வராது | சிறு தழும்பு | ஊசி, பொறுமை |

## ஒன்றும் செய்யாமல் விடுவது

கேட்டவர்களை ஏமாற்றுகிற பதில் இது என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைச் சோம்பேறித்தனமாக நினைக்காமல் ஒரு வழியாகவே எடுத்துக்கொண்டு எடை போட்டுப் பாருங்கள். ஐந்து கேள்வியில் மூன்றாவதிலும் நான்காவதிலும் இதை அடிக்க வேறொன்று இல்லை. புள்ளிகள் புற்றுநோயாக மாறுவதில்லை, பரவி உதட்டை மூடப் போவதுமில்லை.

இதன் ஒரே பலவீனம், பிரச்சினை உதட்டில் இல்லாமல் மனசில் இருந்தால் இது உதவாது என்பதுதான். அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு கை நீளத்துக்குத் தள்ளிக் கண்ணாடியைப் பிடித்து, உதட்டை இழுக்காமல், பேசும்போது இருக்கிற மாதிரி வைத்துப் பாருங்கள். மற்றவர்கள் உங்களைப் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். அங்கிருந்து தெரியவில்லையென்றால், நீங்கள் எடுக்க நினைப்பது உங்களுக்கு மட்டுமே தெரிகிற ஒன்றை. அதற்காக எல்லோருக்கும் தெரியும்படி பத்து நாள் புண்ணோடு இருக்கத் தயாரா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

விடுவதற்குள் அடங்குகிற இன்னொன்று மறைப்பது. கொஞ்சம் அடர்த்தியான, பளபளப்பில்லாத உதட்டுச் சாயம் ஓரப் புள்ளிகளை மறைத்துவிடும். பளபளக்கும் சாயம் நேர்மாறாக மேடுகளை எடுத்துக்காட்டும். புகைப்படத்துக்கோ விசேஷத்துக்கோ மட்டும் கவலைப்படுகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

எப்போது இதுவே சிறந்தது: பதின்ம வயதில். கர்ப்ப காலத்தில். காயம் பட்டால் கறுத்துவிடும், அல்லது தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்களுக்கு. புள்ளிகள் உட்கன்னத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

## வீட்டு வைத்தியம்

இதை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசக் கூடாது. மூன்று விதம் இருக்கிறது: ஒன்றும் செய்யாதவை, கெடுதல் செய்பவை, கெடுதல் செய்வதால் பலன் தெரிவதுபோல் காட்டுபவை.

முதல் விதம் தேங்காய் எண்ணெய், ஹொஹோபா எண்ணெய், தேன், சோற்றுக்கற்றாழை, பெட்ரோலியம் ஜெல்லி. இவை உதட்டின் வறட்சியைப் போக்கும், வெடிப்பை ஆற்றும். உரிந்துகிடந்த தோல் படிந்து உதடு ஒரே சீராகத் தெரிவதால், புள்ளி குறைந்ததாக ஒரு தோற்றம் வரும். அவ்வளவுதான். கொழுப்பு நிறைந்த சுரப்பியை மேலிருந்து எண்ணெய் தடவிக் கரைத்துவிட முடியாது. ஆனாலும் இவற்றை நான் திட்டமாட்டேன். ராத்திரி படுக்கும்முன் கொஞ்சம் தடவிக்கொண்டால் உதட்டுக்கு நல்லது. புள்ளிக்காக என்று மட்டும் நம்ப வேண்டாம். தேனீ மெழுகுக்கோ வாசனைச் சேர்ப்புக்கோ ஒவ்வாமை உள்ளவர்கள் உதட்டுத் தைலம் மாற்றும்போது கவனமாக இருக்கட்டும்.

இரண்டாவது விதம்தான் ஆபத்து. பூண்டை நசுக்கும்போது அதில் உருவாகும் கந்தகச் சேர்மங்கள் தோலை எரிக்கும். பூண்டை வைத்துக் கட்டித் தீப்புண் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் உண்டு. நான் செய்த அசட்டுத்தனமும் இதுதான். நசுக்கிய பூண்டைப் பஞ்சில் வைத்து மேலுதட்டில் கால் மணி நேரம் ஒற்றிக்கொண்டேன். ஐந்தாவது நிமிடமே எரிந்தது. எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம், பொறுத்துக்கொள் என்று எங்கோ படித்திருந்தேன். காலையில் உதடு வீங்கிக் கன்றிப்போயிருந்தது, இரண்டாம் நாள் தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் நான்கு மாதத்துக்கு ஒரு பழுப்பு நிழல் நின்றது. அந்த நிழலுக்குள்ளே புள்ளிகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன, சுற்றி இருந்த தோல் கறுத்துவிட்டதல்லவா.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலங்கள். எலுமிச்சைச் சாற்றின் அமில அளவு பி.எச். 2 அளவிலும், சமையல் வினிகர் 2.5 முதல் 3 வரையிலும் இருக்கும் (எண் குறையக் குறைய அமிலம் கடுமை). உதட்டு மேல்தோல் இதற்கெல்லாம் ஆனதில்லை. எலுமிச்சை வகைகளில் இன்னொரு விவகாரமும் உண்டு. அவற்றின் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால், ஓரிரு நாள் கழித்துச் சிவந்து, கொப்புளித்து, பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். தடவிய அன்று ஒன்றும் ஆகாது என்பதால் யாரும் சாற்றைச் சந்தேகப்படுவதில்லை.

மூன்றாவது விதம், பலன் தெரிவதுபோல் காட்டுபவை. சர்க்கரைத் தூள் தேய்ப்பது, பல் துலக்கும் பிரஷால் உதட்டை உரசுவது, பற்பசை தடவிக் காயவிடுவது. இவை எல்லாம் உதட்டை லேசாக வீங்கவைக்கும், சிவக்கவைக்கும். வீங்கிச் சிவந்த உதட்டில் வெளிர்மஞ்சள் புள்ளி ஓரிரு நாள் தெரியாது. அந்த ஓரிரு நாளில் படம் எடுத்து, போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள். வீக்கம் வடிந்த பிறகு யாரும் படம் எடுப்பதில்லை. முன், பின் என்று காட்டப்படும் படங்களை இனிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முன் படத்தில் சிரிக்கிறாரா, பின் படத்தில் உதடு குவிந்திருக்கிறதா. சிரிக்கும்போது உதடு இழுபட்டுப் புள்ளி பளிச்சென்று தெரியும், குவித்தால் மறையும். மருந்தே இல்லாமல் இரண்டு படமும் ஒரே நிமிடத்தில் எடுக்கலாம்.

பிதுக்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நிஜமாகவே ஏதோ நடந்ததுபோல் நம்பவைக்கும். இரண்டு நகத்துக்கு நடுவே அழுத்தினால் சில புள்ளிகளிலிருந்து மஞ்சளாக, கெட்டியாக, நூல் மாதிரி ஒன்று வரும். வந்ததும் ஒரு திருப்தி. வந்தது சுரப்பியின் சரக்கு, சுரப்பி அங்கேயேதான் இருக்கிறது, மறுபடி நிரப்பிக்கொள்ளும். நகம் பட்ட கீறலும், உள்ளே போன கிருமியும், அதனால் வரும் தழும்பும் உங்கள் பங்கு.

இவற்றைவிட மோசமாக ஒன்று சமீப காலமாகக் கண்ணில் படுகிறது. பிளாஸ்மா பேனா என்றும், மச்சம் நீக்கும் அமிலம் என்றும், வீட்டிலேயே பயன்படுத்தச் சொல்லி இணையத்தில் விற்கும் சாமான்கள். பேனா தோலைச் சுடும் கருவி, குப்பியில் இருப்பது ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் போன்ற கடுமையான ஒன்று. இவை சுரப்பியை எட்டும் வலு உள்ளவைதான். எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்பது உங்கள் கைக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. வீட்டு வைத்தியத்தின் துணிச்சலும் மருத்துவமனைக் கருவியின் சூடும் ஒரே கையில் சேரக் கூடாது.

எப்போது இது சிறந்தது: உதடு வறண்டு உரிவதால் புள்ளிகள் எடுப்பாகத் தெரிகிறவர்களுக்கு, முதல் விதம் மட்டும். மற்ற இரண்டு விதமும் எந்தச் சூழ்நிலையிலும் யாருக்கும் சிறந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

## களிம்பும் மாத்திரையும்

ட்ரெட்டினாயின் களிம்பு பருவுக்குத் தருகிற அதே வைட்டமின் ஏ வகை. முகத்தில் நன்றாக வேலை செய்கிற மருந்து, உதட்டோரத்தில் தடவினால் முதலில் செய்வது எரிச்சலும் உரிதலும்தான். தாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்குப் புள்ளிகள் சற்றுத் தட்டையாகும். நிறுத்தினால் பழைய கதை. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் தொடக் கூடாது. இதை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக வாங்கித் தடவ ஒரு காரணமும் இல்லை.

ஐசோட்ரெட்டினோயின் வேறு ரகம். 1982ல் கடுமையான பருவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. உடம்பு முழுக்க எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கும், அதனால் உதட்டுப் புள்ளிகளும் அடங்கும். வேலை செய்கிறது, சரி. ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகு சுரப்பி பழைய உருவத்துக்கு வரும், புள்ளியும் வரும். அதற்கிடையில் கொடுக்க வேண்டிய விலை: சாப்பிடுகிற கிட்டத்தட்ட எல்லோருக்குமே உதடு வறண்டு வெடிக்கும் (உதட்டை அழகாக்கப் போன இடத்தில் இது ஒரு கேலிக்கூத்து), ரத்தக் கொழுப்பும் ஈரலும் பரிசோதனையில் இருக்க வேண்டும், சாப்பிடும் காலத்திலும் முடித்து ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது, ரத்த தானமும் கூடாது. கருவுக்கு இது இழைக்கக்கூடிய ஊனம் சாதாரணமானது இல்லை.

எப்போது இது சிறந்தது: கடுமையான பருவுக்காக மருத்துவர் ஏற்கெனவே இதைத் தர முடிவு செய்திருந்தால், உதட்டுப் புள்ளி குறைவது கூடுதல் லாபம். உதட்டுப் புள்ளிக்காக மட்டும் இதைக் கேட்பது, கொசுவை அடிக்க வீட்டுக் கூரையைப் பிரிப்பது மாதிரி.

## மின்சூடும் லேசரும்

நிஜமாகவே எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வந்து நிற்கும் இடம் இது.

மின்சூட்டில், மயிரிழை போன்ற முனையால் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு உலர்த்துவார்கள். லேசரில் பொதுவாகப் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் 10,600 நானோமீட்டர் ஒளியைத் திசுவில் உள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு ஆவியாகிவிடும், சுரப்பியும் அதோடு போகும். எர்பியம் லேசர் 2,940 நானோமீட்டர். அதன் ஒளியைத் தண்ணீர் இன்னும் கூடுதலாக உறிஞ்சுவதால் சுற்றுத் தோலுக்குப் போகும் சூடு குறைவு. அதனால் புண் கொஞ்சம் சீக்கிரம் ஆறும், ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசியும். எந்தக் கருவி என்பதைவிட யார் கை என்பதுதான் இங்கே முக்கியம். ஆழம் குறைந்தால் சுரப்பியின் அடிப்பாகம் மிஞ்சிப் புள்ளி திரும்பும். ஆழம் கூடினால் குழி விழும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மரத்துப்போகும் களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். உதட்டில் அது போதவில்லை, சிறிய ஊசியும் போட்டார்கள். புள்ளிகளைவிட எனக்கு அந்த ஊசிதான் வலித்தது. பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நொடி, டிக் டிக் என்று ஒரு சத்தம், முடி கருகும் வாடை. வீட்டுக்கு வரும்போது ஓரத்தில் பழுப்பாக மூன்று பொட்டு. அது பொருக்காகி ஒரு வாரத்தில் உதிர்ந்தது, அடியில் இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு அடங்க ஒரு மாதத்துக்கு மேல்.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகளை இங்கேதான் விரித்துச் சொல்ல வேண்டும். புள்ளிகள் நிறைய இருந்தால் ஒரே அமர்வில் முடியாது, உதடு முழுக்க ஒரே நேரத்தில் புண்ணாக்க எந்த நல்ல மருத்துவரும் விரும்பமாட்டார். பொருக்கு இருக்கும் நாட்களில் காரமும் சூடும் எரியும், பெரிதாக வாய் திறக்கக் கூச்சம். வெயில் பட்டால் ஆறும் தோல் கறுக்கும், ஆகவே சில மாதங்களுக்கு வெயில் காப்புக் களிம்பும் தொப்பியும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் இந்தக் கருமை வரும் வாய்ப்பு அதிகம். எப்போதாவது உதட்டில் ஹெர்ப்பீஸ் வந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். லேசர் சூடு அதைக் கிளப்பிவிடும் என்பதால் முன்கூட்டியே வைரஸ் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுகிறவர்களும் சமீபத்தில் நிறுத்தியவர்களும் அதையும் சொல்ல வேண்டும், புண் ஆறும் விதம் மாறலாம். அப்புறம், முழுசாக எரித்த புள்ளி பொதுவாக வராது, ஆனால் பக்கத்தில் இருக்கும் வேறு சுரப்பி பருத்துப் புதிதாகத் தெரியலாம். போனது திரும்பிவிட்டது என்று அதைத்தான் பலர் சொல்கிறார்கள்.

எப்போது இது சிறந்தது: புள்ளிகள் எண்ணக்கூடிய அளவில், மேடாக, கை நீளத் தூரத்திலிருந்தே தெரியும்படி இருக்கும்போது. காயம் பட்டால் உங்கள் தோல் நன்றாக ஆறும் என்று பழைய அனுபவத்தில் தெரியும்போது. அடுத்த இரண்டு மாதத்தில் கல்யாணம், நேர்முகத் தேர்வு என்று எதுவும் இல்லாதபோது. விசேஷத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் லேசருக்கு ஓடுகிறவர்கள், விசேஷத்துக்குச் சிவந்த உதட்டோடு போகிறார்கள்.

## நுண்துளைக் கருவி

பேனா ரீபிள் முனையைவிடச் சிறிய வட்டக் கத்தியால் புள்ளியை மட்டும் குத்தி எடுத்துவிடுவது. சூடு இல்லை என்பதால் சுற்றுத் தோல் கருகுவதில்லை. சுரப்பி முழுசாக வெளியே வந்துவிட்டதால் அந்த இடத்தில் திரும்பாது. துளை தானாக மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும், பழகிய கை வேண்டும், எல்லா மருத்துவரும் செய்வதில்லை. பெரிதாக, தனித்தனியாக இருக்கும் சில புள்ளிகளுக்கு லேசரோடு ஒப்பிட வேண்டிய போட்டியாளர் இதுதான். அடர்த்தியாகப் பரவிக்கிடக்கும் புள்ளிகளுக்கு ஒத்துவராது.

## உறைய வைப்பதும் ஒளி சிகிச்சையும்

திரவ நைட்ரஜனால் உறைய வைக்கலாம் என்று சொல்வார்கள். தோலுக்கு நிறம் தரும் செல்கள் மற்ற செல்களைவிடக் குளிருக்குச் சீக்கிரம் செத்துப்போகும். ஆகவே புள்ளி போன இடம் வெள்ளையாக நிற்கலாம். உதட்டோரத்தில், அதுவும் நிறம் கூடிய தோலில், நான் இதற்குப் போகமாட்டேன். மருந்து தடவி ஒளி பாய்ச்சும் சிகிச்சையும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. அலைச்சலுக்கும் எரிச்சலுக்கும் ஈடான பலன் நிச்சயமாகக் கிடைக்கும் என்று சொல்லும் நிலையில் அது இல்லை.

## எடுப்பது என்று முடிவானால் கேட்க வேண்டியவை

தோல் மருத்துவரிடம் போகும்போது உதட்டுச் சாயம், தைலம் எதுவும் இல்லாமல் போங்கள். பகல் வெளிச்சத்தில், உதடு தளர்வாக ஒன்றும் இழுத்து ஒன்றும் என்று இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அதுவே ஆதாரம், இல்லையென்றால் நினைவு ஏமாற்றிவிடும்.

உதட்டில் இதே புள்ளிகளை எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். முகத்தில் மச்சம் எடுத்த அனுபவமும் உதட்டோரத்தில் வேலை செய்வதும் ஒன்றில்லை. என் நிறத்துத் தோலில் ஆறிய பிறகு எப்படி இருந்தது, படம் இருக்கிறதா என்று கேளுங்கள். கருவியைப் பிடிக்கப்போவது நீங்களா, உதவியாளரா என்பதையும் கேட்கலாம், தப்பில்லை. கறுத்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் இருக்கிறதா பாருங்கள். எல்லாம் போய்விடும், ஒரு தடயமும் இருக்காது, இன்றைக்கே செய்துவிடலாம் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு முதலில் அகப்பட்டவர் அந்த ரகம். உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் ஆறு அமர்வுக்கான மொத்தக் கணக்கை நீட்டினார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒத்திகை. உதட்டின் கடைவாய் ஓரத்தில், அதிகம் தெரியாத இடத்தில் இரண்டு மூன்று புள்ளியை மட்டும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். கருமையும் குழியும் தெரிய அவ்வளவு காலம் ஆகும்.

எனக்கு இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அப்படித்தான் வலப்பக்க ஓரத்தில் மூன்றை மட்டும் எடுத்தார். இரண்டு இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாவது இருந்த இடத்தில் புள்ளியைவிடச் சிறிதாக, வெளிறி, ஒரு பள்ளம். உதட்டை இழுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினால்தான் தெரியும். மீதியையும் எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். எண்ணிப் பார்த்தேன், மீதி இருபத்திரண்டு. மூன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் ஏழு பள்ளம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.